ஊசியில் நூல் கோக்கத் தெரியாத டீச்சர்

1.

ஒட்டுக் கேட்டதில் பிறந்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரடங்கின் இரண்டாவது வாரம். துணி காயப்போடும் பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு என் நாத்தனார் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "துணிய நாலா மடிங்க. மடிப்பு உங்க பக்கம் இருக்கட்டும்."

அறுந்த பட்டனைக்கூட என்னிடம் நீட்டுகிறவள், யாருக்கோ தையல் வகுப்பு எடுக்கிறாள்! நெருப்பில்லாமல் புகையுமா? காதல்தான் என்று முடிவுகட்டினேன். (நான் அப்படிப்பட்டவள். எழுதுகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான்.)

2.

காதல் இல்லை என்று அவளே சொன்ன பிறகு நான் எழுதிய முதல் தொடக்கம்: "அந்த வீட்டில் ஒரு தட்டு உடைந்தது. அவள் உதட்டில்…"

வேண்டாம். காயத்தைக் காட்டித்தான் உங்களை உட்காரவைக்க வேண்டுமா? வெட்கமாக இருக்கிறது. அடித்தான். அது போதும்.

இரண்டாம் தொடக்கம்: நாத்தனாருக்குப் பெண்கள் உதவி எண்ணில் வேலை. ஊரடங்கில் அலுவலகத்தைப் பூட்டி, ஆளுக்கொரு போனைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். "கதவப் பூட்டி சாவிய அவரே வச்சிருக்காரு, நேத்தும் அடி…" அதோடு போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. அங்கே முதல் விதி, திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது. மனசு கேட்காமல் இவள் கூப்பிட்டுவிட்டாள்.*

எடுத்தது புருஷன்.

"யாருங்க?"

"தையல் க்ளாஸ்லேர்ந்து சார். மேடம் சேரணும்னு கேட்டிருந்தாங்க." வாயில் வந்தது அதுதான்.

"அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே! நல்ல விஷயம்தானே. தினம் பதினோரு மணிக்கு எடுங்க டீச்சர். ஸ்பீக்கர்ல போட்டுட்டா நானும் கேப்பேன்."

* இதற்காக அவளை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை. அவளே மன்னித்துக்கொள்ளவில்லை.

3.

அடிக்கிறவன் இவ்வளவு தன்மையாகவா பேசுவான்? பாத்திரம் ஒட்டவில்லையே என்று நாத்தனாரிடமே கேட்டேன்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் அண்ணி. கத்துறவன விட இவன்கிட்டதான் எனக்கு பயம்."

அன்றிலிருந்து நான் டீச்சருக்கு டீச்சர் ஆனேன். எட்டு மணிக்கு என்னிடம் கற்பாள், பதினோரு மணிக்கு அவளுக்குச் சொல்வாள். அவனும் ஸ்பீக்கரில் கேட்பதால் வேறு எதையும் விசாரிக்க முடியாது. "சரிங்க டீச்சர்" என்ற குரல் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கேட்பாள். குரல் கம்மியிருந்த நாளில் இவளுக்குச் சோறு இறங்காது.

ஐந்தாம் நாள் அவனே கேட்டான்: "டீச்சர், கழுத்துப் பட்டிக்குத் துணிய நேரா வெட்டணுமா, கிராஸாவா?"

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. கதவிடுக்கில் நின்றிருந்த நான் கையைக் கோணலாக இழுத்துக் காட்டினேன்.

"கிராஸா சார்."

"பரவாயில்லையே. தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்க" என்று சிரித்தான்.

4.

பத்தாம் நாள் நாத்தனார் சொன்னாள்: "பத்து மாஸ்க் தச்சு மருந்துக்கடைக்கு மேடமே எடுத்துட்டு வரணும் சார். தப்பா இருந்தா அங்கயே பிரிச்சுக் காட்டணும்."

"பாப்போம்" என்றான்.

மறுநாள் நாத்தனார் அங்கே போனாள். அவளை ஏற்றிக்கொள்ளப் பெண்கள் காப்பகத்தின் கார் தெருமுனையில் நின்றது. கடை வாசலில் எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள்.

முடிவு ஒன்று: அவள் வருகிறாள். கார் கிளம்புகிறது.

முடிவு இரண்டு: பத்து மாஸ்க்கோடு அவன் வருகிறான். "எங்க டீச்சர்?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான்.

முடிவு மூன்று: இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள். அவன் கை அவளுடைய…

(எழுத வரவில்லை.)

திரும்பி வந்த நாத்தனார் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"என்னடி ஆச்சு?"

"சொல்ல மாட்டேன்."

"என்மேலயே சந்தேகமா?"

"நீங்க எழுதுவீங்க அண்ணி. அச்சுல வரும். அவன் படிப்பான்."

5.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது.

ஆகவே வாசகரே, இப்போது என் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான். இவ்வளவு அக்கறையாக எதைத் தேடுகிறீர்கள்? தேடாதீர்கள். அந்த வகுப்பு தையல் வகுப்பே அல்ல. கடையும் மருந்துக்கடை அல்ல. எதையெல்லாம் மாற்றினேன் என்று என் நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும். [நாத்தனார் என்பதையும் நம்ப வேண்டாம்.]

நீங்கள் அவன் இல்லையென்றால், மூன்றில் எந்த முடிவு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருத்தியும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம், தோளுக்கு மேலே ஒருவன் எட்டிப் பார்க்க. அம்மா, உனக்குத்தான் சொல்கிறேன். உதவி எண்ணில் ஆள் இருக்கிறாள். இப்போது பக்கத்தைப் புரட்டிவிடு. என்ன படிக்கிறாய் என்று கேட்டால், தையல் கதை என்று சொல்.