அமோனியா அறையில் தினேஸ்வரி

மலேசியாவில் செமோருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் பால் டாங்கிப் பகுதிக்குத் தினேஸ்வரிதான் லீடர். அங்கே பால் என்றால் ரப்பர் பால். லாரியில் வந்து இறங்கும் பால் கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே தினேஸ்வரி சொல்லிவிடுவாள். "தினேசு மூக்கு இருக்கறப்ப மீட்டர் எதுக்குலா" என்று அவளோடு வேலை செய்யும் மாரியம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த அந்த லீடர் வேலை, அந்த மூக்கினால்தான் தினேஸ்வரிக்குக் கிடைத்தது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கோவிட் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. "ரெண்டு மூனு மாசத்துல வந்துரும்மா" என்றார் கிளினிக் டாக்டர். ஆறு மாதம் போனது, ஒரு வருடம் போனது. நெத்திலி சம்பல் வெறும் காரமாக மட்டும் இருந்தது. வீட்டில் பால் புளித்திருக்கிறதா என்று லாரி ஓட்டும் கணவன் கனகராஜ் முகர்ந்து சொல்ல வேண்டும். தன் உடம்பில் வியர்வை நாற்றம் இருக்குமோ என்ற பயத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள்.

தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயந்தாள். மீட்டரை அடிக்கடி பார்த்துச் சமாளித்தாள். முகர்வதுபோல மூடியைத் திறந்து குனிவாள். பிறகு மீட்டரில் பார்த்ததைச் சொல்வாள். எல்லாரும் நம்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தினேஸ்வரி அமோனியா அறையின் கடைசியில் நின்று அளவு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் கிழிந்து அமோனியா சொட்டத் தொடங்கியிருந்தது. கதவுப் பக்கம் இருந்த எச்சரிக்கைக் கருவி இன்னும் அடிக்கவில்லை. மாரியம்மா உள்ளே கால் வைத்தவுடன் கத்தினாள்.

"அமோனியா! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

அவளே ஓடிப்போய் அபாய மணியை அடித்தாள். அவளைத் தாண்டி அப்போதுதான் உள்ளே போயிருந்த நேப்பாளத் தொழிலாளிகள் இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். ஓடி மூச்சு வாங்கியதில் நிறைய அமோனியாவை உள்ளே இழுத்துவிட்டதால் வாசலிலேயே மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள்.

தினேஸ்வரிக்குக் கண்தான் எரிந்தது. வாசனை இல்லாததால் மற்றவர்களைப் போலப் பதறவில்லை. திரும்பிப் பார்த்தாள். தரை நனைந்திருந்தது. வால்வைப் பிடித்துத் திருகி மூடினாள். தொண்டை அடைத்து இருமல் வந்தபோதுதான் வெளியே நடந்தாள்.

எல்லாரும் ஓடிய அறையிலிருந்து அவள் நடந்து வருவதை அறுபது பேர் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

மாரியம்மா இரண்டு நாள் ஈப்போவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தினேஸ்வரி பார்க்கப் போனபோது அவள் மூக்கில் குழாயோடு பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டாள்.

"இவதான் நான் சொன்ன தினேசு. நாங்கல்லாம் ஓடுனோம், இவ நின்னு வால்வ மூடுனா. புலி மாதிரி."

தினேஸ்வரி வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி சுகுமாரன் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளுக்கு வீரச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்களாம்.

சாயங்காலம் கனகராஜிடம் சொன்னாள். "பத்து நிமிசமா எம்பின்னாலதாங்க சொட்டியிருக்கு. வேற யாரா இருந்தாலும் மொத சொட்டுலயே தெரிஞ்சிருக்கும். மாரிக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவே தேவையில்ல."

"நீ மூடலன்னா இன்னும் மோசமாயிருக்கும்."

"மூடுனது சரி. அத யாரு மொதல்ல கண்டுபுடிச்சது? அது என் வேல."

"சொன்னா லீடர் வேல போயிரும்" என்றான்.

"போவட்டும்."

"அப்பன்னா சொல்லு. வெள்ளிக்கிழம நானும் வாரேன். லாரிய வாசல்ல நிப்பாட்டிட்டு."

வெள்ளிக்கிழமை கேன்டீனில் நாற்காலி போட்டிருந்தார்கள். மாரியம்மா முன்வரிசையில் புதுச் சேலையில் வந்திருந்தாள். சுகுமாரன் சட்டம் போட்ட சான்றிதழை நீட்டினார். தினேஸ்வரி வாங்கவில்லை. மைக்கை வாங்கினாள். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று மலாயில் பேசினாள்.

கோவிட் வந்ததிலிருந்து தனக்கு எந்த வாசனையும் தெரியாது என்றாள். இரண்டு வருடமாக மறைத்ததாகச் சொன்னாள். அன்று தான் பயப்படாமல் நின்றது தைரியத்தால் இல்லை, தெரியாததால் என்றாள். அமோனியாவை முகர்ந்து கண்டுபிடித்து, மணி அடித்து, இருவரை இழுத்து வெளியே தள்ளி, மூச்சுத் திணறியது மாரியம்மா. அந்தக் காகிதத்தில் எழுத வேண்டியது அவள் பெயர்.

வாசல் பக்கம் நின்றிருந்த கனகராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியையே பார்த்தான்.

மாரியம்மா எழுந்து வந்தாள். "ரெண்டு வருசம். எங்கிட்டகூட சொல்லல நீ" என்றாள் தமிழில்.

"பயமா இருந்துச்சுக்கா."

"உம்மேல கோவம் வருது புள்ள. ஆனா இத்தன பேரு முன்னால சொன்னியே..." தினேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு, தண்ணீர்க் குழாயடியில் பேக்கிங் பிரிவு ஆம்புரோஸ் வந்து நின்றான். "அக்கா, எனக்கும் இல்ல. மூனு வருசமாச்சு. வீட்ல சொன்னா சிரிக்கறாங்க." அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் வந்து சொன்னார்கள். அதில் ஒருவர் பாய்லர் அறைக்காரர். தினேஸ்வரி ஐந்து பெயரையும் எழுதி, தன் பெயரை முதலில் போட்டு, சுகுமாரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவளை இரண்டு மாதம் கையுறை சோதிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். முகத்தைத் தூக்கிவைக்காமல் அந்த வேலையையும் செய்தாள். மூக்கு டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி வாசனை திரும்புவது சந்தேகம்தான் என்றார். அன்று பஸ்ஸில் கொஞ்சம் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினாள்: எச்சரிக்கைக் கருவி அறையின் இரு முனையிலும் வேண்டும், ஒவ்வொருவர் சட்டையிலும் சின்னக் கருவி வேண்டும், யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது. கனகராஜ் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தான். சுகுமாரன் ஒன்றுவிடாமல் செய்தார். செய்து முடித்ததும் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, "டாங்கிப் பகுதி உங்களுக்குத்தான். நீங்க கேட்டது எல்லாம் இருக்கு, மாரியம்மாவும் இருக்காங்க" என்றார்.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது தினேஸ்வரிதான். போன மாதம் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "அக்கா, வாசனையே தெரியாம அமோனியா ரூமுக்கு எப்படி லீடரா இருக்கீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் தினேஸ்வரி. "அதனால ரூமோட ரெண்டு மொனையிலயும் கருவி இருக்கு, சட்டையில ஒன்னு இருக்கு, மாரிக்கா இருக்காங்க, எந்த வாஷர் என்னிக்கு மாத்துனதுன்னு எழுதி வச்சிருக்கேன். அன்னிக்கு அப்புறம் இந்த ரூம்ல ஒரு சொட்டுகூட ஒழுகல. வாங்க, மொதல்ல வால்வு எங்க இருக்குன்னு காட்டறேன்."