வழவழப்பான கோடு

கிடங்கு ஃப்ரிட்ஜின் உள்ளே எட்டு டிகிரிக்கு மேல் சூடேறினால் தடுப்பூசி மருந்து கெட்டுவிடும். அந்தச் சூட்டைத் தினமும் கோடாக்கிக் காட்டும் பைத்தான் நிரலைக் கணினிக்காரிதான் எழுதியிருந்தாள். வரைவது வேறொரு மென்பொருள். அதற்குப் பொத்தான் கிடையாது, கட்டளையை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். அவள் நிரல் அதற்குக் கட்டளைகளை வரி வரியாக ஊட்டும். அது சொன்னதைச் சொன்னபடி வரையும். மனிதர்களைவிட அதனிடம் அவளுக்கு ஒட்டுதல் அதிகம்.

அன்று காலை படத்தில் கோடு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிச் சென்றது. அந்த வாரம் நடுவில் ஒருநாள் கிடங்கில் மின்சாரம் போயிருந்ததே! எண்களைத் திறந்தாள். பதினான்கு வரை ஏறியிருந்தது. நிரலைத் திறந்தாள். வரையும் கட்டளையின் கடைசியில் அவள் எழுதாத ஒரு சொல். புள்ளிகளைத் தொடாமல், மேடுகளை இழைத்துத் தள்ளி, கோட்டை வளைத்துவிடும் சொல்.

"சார், இதுல கை வெச்சது யாரு?"

மேலாளர் தலை நிமிரவில்லை. "நான்தாம்மா. ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப பாரு, லட்சணமா இருக்கு."

"பதினாலு டிகிரி சார்! படத்துல ஏழுன்னு நிக்குது."

"ஒரு தடவை ஏறி இறங்கினதுக்கு ஊரைக் கூட்டுவியா? நிரல் உன்னோடது. கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அதற்குள் செவிலி அக்கா குளிர்ப்பெட்டியோடு வந்து நின்றாள்.

"மருந்து எடுத்துக்கலாமா? ஊசி முகாம்ல புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

"படம் சுத்தமா இருக்கு, எடுத்துக்கோம்மா," என்றார் மேலாளர்.

கணினிக்காரி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடங்கிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் அந்தச் சொல்லை அழித்து, நிரலை மறுபடி ஓட்டி, திரையை அக்கா பக்கம் திருப்பினாள். கோடு செங்குத்தாக எழும்பி எல்லையைத் தாண்டி நின்றது.

"என்னடி இது?"

"இதுதான்க்கா நடந்தது. முன்ன இருந்தது சார் மெருகு போட்டது."

அக்கா பெட்டியை மேசைமேல் டமாரென்று வைத்தாள். "சார், சட்டைக் கையை மடிங்க. முதல் ஊசி உங்களுக்கே போட்டுடறேன்."

மேலாளர் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அக்கா வேறு கிடங்குக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியேறினாள்.

கணினிக்காரி ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாவியைக் கொடும்மா."

"இந்த மருந்து நல்லா இருக்குன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க சார், தரேன்."

அவர் பேனாவைத் தொடவே இல்லை.