கந்தகம் தின்னும் உயிர்கள்

ஹைட்ரஜன் என்ற சொல்லைக் கேட்டதுமே கல்லூரிச் செயலர் செந்தூர்பாண்டி ஆராய்ச்சி மாணவி பொன்மணி நீட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர். ஒரு விபத்தில் தன் ஆட்களைப் பறிகொடுத்தவர்.

"அந்த சிலிண்டர் நம்ம காலேஜுக்குள்ள வரக்கூடாது தாயி. இங்கன வெடிச்சதெல்லாம் போதும்."

பொன்மணிக்கு அந்தப் பயம் புரிந்தது. அவள் அம்மா குருவம்மாள் தாயில்பட்டியில் பட்டாசுக்குத் திரி செருகுபவள். ஆனால் பொன்மணியின் ஆராய்ச்சியே ஹைட்ரஜனை நம்பித்தான் இருந்தது. லடாக்கின் வெந்நீர் ஊற்றுச் சேற்றில் கிடைத்த பாக்டீரியாக்களை அவள் வளர்க்க வேண்டும். எழுபது டிகிரி சூட்டில் வாழ்பவை. ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். கந்தகத்தையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைப்பவை.

"சிலிண்டர் வேணாம் அண்ணாச்சி. வேணுங்கிறத அப்பப்ப கொஞ்சமா நானே உண்டாக்கிக்கிடுதேன். வந்து பாருங்க. மனசுக்குச் சரின்னு படலைன்னா நிப்பாட்டிருதேன்."

வந்தார். முதலில் ஜன்னலையும் சுவிட்சுகளையும்தான் சுற்றிப் பார்த்தார். வாயுவை வெளியே இழுத்துவிடும் புகைபோக்கிக் கூண்டுக்குள் துத்தநாகத் துண்டுகள் அமிலத்தில் நுரைத்தன. கிளம்பிய வாயுவைப் பொன்மணி ஒரு சிரிஞ்சில் பிடித்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் அண்ணாச்சி."

"அப்ப செய்யி."

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆக்சிஜன் இருந்தால் இளஞ்சிவப்பாகும் சாயத்தை, பாக்டீரியா வளர்க்கும் புட்டிகளில் சேர்த்திருந்தாள். சூடேறியதும் எல்லாப் புட்டிகளும் சிவந்தன. திரும்பச் செய்தாள், திரும்பவும் சிவந்தன. வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டிப் பேராசிரியர். பொன்மணி மறுத்துவிட்டாள். ஒவ்வொரு புட்டியாக வெந்நீரில் அமுக்கிப் பார்த்தாள். மூடியோரம் பொடிப்பொடியாகக் குமிழிகள்! சூட்டில் ரப்பர் இளகி வழிவிட்டிருந்தது. தடித்த ரப்பர் வாங்கி, அலுமினிய வளையத்தால் இறுக்கினாள்.

இந்த முறை சிவக்கவில்லை. சில நாளில் நீர் கலங்கியது. உள்ளிருந்த வாயுவை எடுத்து, ஈய உப்பில் நனைத்த தாளில் செலுத்தினாள். பாக்டீரியா கந்தகத்தைத் தின்று, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக மாற்றியிருந்தால் தாள் கறுக்க வேண்டும். பாக்டீரியா இல்லாத புட்டிக்கு வெள்ளையாகவே கிடந்த தாள், இதற்குக் கன்னங்கரேலென்று ஆனது.

ஆய்வகமே அதிரக் கத்தினாள்.

அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. பஸ் பிடித்துப் போய், வேலை முடியும் நேரம் வாசலில் நின்றாள்.

"யம்மா, வளந்திருச்சு! கந்தகத்தத் தின்னு வளந்திருச்சு!"

குருவம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஏய், எல்லாரும் இங்கன வாங்கடி! நம்மளப் படாதபாடு படுத்துத கந்தகத்தத் தின்னுத உசுர எம் மக வளத்திருக்கா!"

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பொன்மணி போனில் கறுத்த தாளின் படத்தைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். அவர்களை வீட்டுக்கு ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒருத்தியும் நகரவில்லை.