முதல் நாள் உறை

சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்த ஈர உறை நழுவிவிடாமல், கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள் குட்டி. அப்பா மூன்றாவது இழுப்பறையையும் கட்டிலில் கவிழ்த்தார். கூடத்தில் அம்மாவைக் கிடத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு மணிக்கு மயானத்து வண்டி வந்துவிடும்.

"வெள்ளைக் கவர் குட்டி. ஸ்டாம்ப் ஒட்டினது. தன்கூடவே அனுப்பிடணும்னு நேத்துகூட சொன்னா. எங்கயாச்சும் பார்த்தியா?"

குட்டி கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தபால் நிலையக் கவுன்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் அம்மா. நாட்டுக்கு ஒரு மரம் என்று, தேசிய மரங்கள் அச்சிட்ட தபால்தலைகளாகத் தேடித்தேடிச் சேர்த்தாள். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் சொந்த நாட்டுக்கான கட்டம் மட்டும் காலி. ஊரான் மரத்துக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டு நம் மரத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டாளே என்று அத்தைகூடக் கிண்டல் செய்வாள்.

இன்று காலை அம்மாவுக்குப் போர்த்த அலமாரியிலிருந்து போர்வை எடுக்கப் போனபோதுதான் அந்த உறை குட்டியின் கண்ணில் பட்டது. மூலையில் நம் நாட்டு மரத்தின் தபால்தலை. மறந்துபோய் இங்கேயே விட்டுவிட்டாள் போல, கண்மூடுவதற்குள் பக்கம் நிறைந்ததைப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அம்மா செய்வதுபோலவே வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். தபால்தலை கழன்று வந்தது. கூடவே தட்டெல்லாம் நீலம். உறையின் மேல் யாரோ பேனா மையால் எழுதியிருந்த விலாசம் கரைந்துபோயிருந்தது.

பதறிப்போய் உறையை ஒளித்துவிட்டு, தபால்தலையை ஒற்றித் துடைத்து ஒட்டி, ஆல்பத்தை அம்மாவிடம் கொண்டுபோனாள். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு எதுவும் சரியாகத் தெரியாது; ஆனாலும் கண்ணாடி கேட்கவில்லை. கட்டைவிரலால் மரத்தை மெதுவாகத் தடவினாள்.

"நல்லா ஒட்டியிருக்கடி" என்றாள். அப்புறம் குட்டியின் கையைப் பிடித்து, "கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

இதையெல்லாம் கோர்வையில்லாமல் சொல்லி, உறையை எடுத்து நீட்டினாள் குட்டி. அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மூலையில் தேதி முத்திரையின் பாதி வட்டம்தான் மிச்சம். மற்ற பாதி தபால்தலையோடு போயிருந்தது.

"நீ பொறந்த அன்னைக்குத்தான் இந்த ஸ்டாம்ப் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடிப்போய் வரிசையில நின்னு வாங்கினேன். உனக்குப் பேரு வைக்கல. 'பதினாலாம் நம்பர் தொட்டில்'னு விலாசம் போட்டு அனுப்பினேன். உள்ள எழுத ஒண்ணும் வரல."

வெளியான அன்றைய முத்திரையோடு தபால்தலையும் உறையும் சேர்ந்திருந்தால்தான் அது முதல் நாள் உறை, பிரித்தால் ஆயிரத்தில் ஒரு தபால்தலை, அதற்காகவே அந்தக் கட்டத்தை அவள் காலியாக விட்டிருந்தாள் என்றார். குட்டி அடிக்குக் காத்திருந்தாள். அவர் திட்டக்கூட இல்லை.

"ஸ்டாம்பைத் தடவிட்டு அம்மா என்ன சொன்னா? திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

அப்பா உறையை ஜன்னல் விளிம்பில் வைத்து, சுருண்ட ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் நீவினார். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"அது எந்த ஸ்டாம்ப்புனு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா குட்டி?"