மூணு மீட்டர் தப்பாது

கல்யாண மண்டபத் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்தன. தீனதயாளன் மைக்கைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால், செயற்கைக்கோள்களை விடியற்காலையில் அவரே ஏணி போட்டு மாட்டிவிட்டு வந்தவர்போல இருந்தது. ரீசார்ஜ் கடை வைத்திருந்தபோது கரும்பு டிராக்டர்களுக்கு இருப்பிடம் காட்டும் கறுப்புப் பெட்டி மாட்ட ஆரம்பித்தவர். சின்னசேலத்தில் இரண்டாவது கிளை திறந்த அன்றே 'திசைமணி' கம்பெனியின் பெயரோடு 'குளோபல்' ஒட்டிக்கொண்டது. இன்று முதலீடு செய்யச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஏர்கூலர் அவர்கள் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.

மேடையோரம் லேப்டாப்போடு செலினா. புகார் போனை எடுப்பவள். "எம் வண்டி ஏரிக்குள்ள நிக்கிதுன்னு காட்டுதேம்மா" என்பார்கள் வண்டிச் சொந்தக்காரர்கள். "சிக்னல் தாவுதுங்க" என்பாள். முதலாளி சொல்லிக்கொடுத்த பதில். பெட்டி பொய் சொல்லாது, வண்டி ஏரிக்குள் திருட்டு மண் அள்ளிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எதுனா ஒரு வண்டியக் காட்டுங்க சார்" என்றார் தீனதயாளன்.

சென்னைக்காரர் ஒருவர் கல்வராயன் மலையில் தனியாக நின்ற புள்ளியைக் காட்டினார். செலினா தட்டினாள். 'டேவிட்' என்று வந்தது. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கும் வேன். ஓட்டுபவன் அவள் புருஷன்.

"மூணு மீட்டர் தப்பாது சார்" என்றார் தீனதயாளன்.

மலைப்பாதை வெள்ளைக் கோடாக வளைந்தது. புள்ளி கோட்டின் மேல் இல்லை. வளைவுக்கு வெளியே, மர உச்சிகளுக்கு நடுவில் இருந்தது. வேகம் பூஜ்யம்.

முன்வரிசை கைதட்டியது.

செலினா மேடையேறினாள். "சார், வண்டி ரோட்டுல இல்ல சார்."

அவர் மைக்கைப் பொத்தினார். "சிக்னல் தாவுதும்மா. நீதான தெனம் சொல்லிக்கினு இருக்க?"

"பள்ளத்துல இருக்குது சார். எங்க வூட்டுக்காரர் வண்டி."

அவர் முகம் வெளுத்தது. சென்னைக்காரர்களை ஒருமுறை பார்த்தார். "அப்பறம் பேசிக்கலாம், போ." கை விலகியதும் மைக்கில் குரல் பழையபடி கம்பீரமானது. "இன்னும் கிட்டத்துல காட்டுறேன். துல்லியம்னா இன்னான்னு பாருங்க."

லேப்டாப்பை அவரே தட்டினார். காடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

செலினா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏசப்பா, இந்த ஒரு தடவ தாவட்டும். புருஷன் நம்பரைப் போட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது. மணி நின்று, லைன் கிடைத்தது.

"ஏங்க..."

பாறைமேல் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும், கைதட்டலுக்கு நடுவே, தெளிவாகக் கேட்டது.