என் பிரஷரும் பேத்தியின் பரீட்சையும்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒரு வகுப்பு. நடப்பதற்கு வகுப்பு, தூங்குவதற்கு வகுப்பு. சிரிப்பதற்குக்கூட கூட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்கிறார்கள். என் பேத்தி படிக்கிற நர்சிங் காலேஜில் அதற்கும் ஒரு படி மேலே போய், மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். பிறந்த நிமிஷத்திலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறேன் நான். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் புகையில் நின்றுகூட விட்டிருக்கிறேன். அதற்கு ஒரு சம்பளமா?

பேத்திக்கு வீட்டில் வைத்த பேர் வாயாடி. அவள் அம்மா, அதாவது என் மகள், கேள்வியை முடிப்பதற்குள் இவள் பதிலையும் சொல்லி எதிர்க்கேள்வியும் கேட்டிருப்பாள். ஆனால் பரீட்சை வைக்கிறவர்கள் முன்னால் நிறுத்தினால் போதும், வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். போன முறை செய்முறைப் பரீட்சையில், யாரோ ஒரு நோயாளியின் கையைப் பிடித்தபடி நின்றவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். மரம் மாதிரி நின்றாள். அப்புறம் அழுதுகொண்டே வெளியே ஓடிவந்துவிட்டாள். இந்த முறையும் கோட்டை விட்டால் ஒரு வருஷம் போச்சு. தனக்குக் கீழே படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதை நினைத்து நினைத்தே வாயாடி வீட்டிலும் வாயை மூடிக்கொண்டாள். நானாவது இவள் பேச்சு இல்லாமல் நிம்மதியாக இருப்பேன் என்று பார்த்தால், வீடு வீடாகவே இல்லை.

அப்போதுதான் அந்த மூச்சு டீச்சர் உள்ளே புகுந்தாள். சின்னப் பெண். அவள் சொன்னதையெல்லாம் பேத்தி வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். படுக்கப் போகும்போது போனை வேறு அறையில் வைக்கணுமாம். பாடத்தைத் துண்டு துண்டாகப் படித்துவிட்டு நடுவில் எழுந்து நடக்கணுமாம். நெஞ்சு அடித்துக்கொண்டால் ரெண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடணுமாம். என்ன பயம் என்று வாய்விட்டுச் சொன்னால் பயம் பாதியாகுமாம்.

"சொன்னா எப்படிடி பாதியாகும்? தேங்கா மாதிரி உடையுமா?" என்று கேட்டேன்.

"நீ கூடத்தான் முட்டி வலிக்குதுன்னு காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சொல்ற. சொன்னதுல வலி குறையல?"

"குறையல. ஆனா நீங்கள்லாம் கேட்கறீங்கள்ல, அதுல ஒரு திருப்தி."

வெகுநாளைக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வார்டில் படுத்திருக்கிறவர்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, அந்தக் காலேஜில் ஒரு வழக்கம். மறுபடி பரீட்சை எழுதுகிறவர்கள் நோயாளியாக உட்கார வீட்டிலிருந்தே ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். என் மகளுக்கு ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது நான்.

தினமும் என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பழகினாள். "தாத்தா, கால் மேல கால் போடாத. அளக்கும்போது பேசாத. பிரஷர் ஏறும்" என்பாள்.

"என் காலு, என் வாயி, என் பிரஷர். உனக்கென்ன?" என்பேன்.

பரீட்சை அன்றைக்குக் காலையில் காலேஜ் தாழ்வாரத்தில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். மூச்சு டீச்சர் நடுவில் நின்று, "வாயைக் குவிச்சு, மெதுவா விடுங்க" என்றாள். எல்லோரும் சேர்ந்து உஸ்ஸ் என்றார்கள்.

"என்னம்மா, மொத்தமா பஞ்சரா?" என்றேன். குபீரென்று சிரித்துவிட்டார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. "ஐயா, நீங்க தினமும் வாங்க. இதுகூட நல்ல மருந்துதான்" என்றாள். ஐஸ் வைக்கிறாளாம். நான் உருகுகிற ஆள் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே இருந்த தைரியம் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஸ்பிரிட் வாடை. தட்டில் பளபளவென்று என்னென்னவோ சாமான். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கெத்தாகக் கால் மேல் கால் போட்டேன். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

பேத்தி முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் ஆரம்பித்தாள். "வணக்கம் ஐயா. உங்க பிரஷர் பார்க்கப் போறேன். கையை நீட்டறீங்களா?"

"யாருடி ஐயா? நான் உன் தாத்தா."

மேடம் பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

பட்டை சுற்றினாள், காற்றடித்தாள். அந்த ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு ஜோடி காது. ஒன்று இவளுக்கு, இன்னொன்று மேடத்துக்கு. இவள் தப்பாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கொசு ரீங்காரம் மாதிரி ஒரு கணக்கைச் சொன்னாள்.

"சரிதான்," என்றார் மேடம். "ஆனா ரொம்ப அதிகமா இருக்கே. இப்ப என்ன பண்ணுவ?"

பூட்டு விழுந்தது. பேத்தி சுவரைப் பார்த்தாள். தன் கோட்டு நுனியைப் பிடித்துக் கசக்கினாள். போச்சு, வருஷம் போச்சு. பதில் எனக்குத் தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். தெரியாதே. அதனால் தெரிந்ததைச் செய்தேன்.

"மேடம், உங்க மிஷின்ல ஏதோ கோளாறு. எனக்குப் பிரஷரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நான் இரும்பு மாதிரி" என்று சொல்லிவிட்டு மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரும்பைப் பற்றவைக்கும்போது கை ஆடாமல் இருக்க அப்படிப் பிடித்துப் பழக்கம்.

பேத்தி சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா! எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? முதல்ல காலைக் கீழ வை! கால் மேல கால் போட்டா ஏறும், வளவளன்னு பேசினா ஏறும். அதுக்கு மேல மூச்சை வேற பிடிச்சு வச்சிருக்க. இது என்ன வெல்டிங் பட்டறையா? வெள்ளைக் கோட்டைப் பார்த்தா நிறைய பேருக்கு பயத்துலயே ஏறும், உனக்கும் பயம். இரும்பாம் இரும்பு! சாஞ்சு உட்காரு. கொஞ்ச நேரம் சும்மா இரு. அப்புறம் மறுபடி பார்ப்பேன். இன்னொரு கையிலயும் பார்ப்பேன். அப்பவும் குறையலன்னா டாக்டர்கிட்ட சொல்லுவேன். ஒரு தடவ பார்த்த கணக்கை வச்சு யாரும் மாத்திரை குடுக்க மாட்டாங்க, புரியுதா?"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேடத்தின் பேனா நின்றிருந்தது.

பேத்தி இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். "என்கூடச் சேர்ந்து மூச்சை மெதுவா விடுங்க... ஐயா" என்றாள். விட்டேன். அவள் பாஸாக வேண்டுமே என்று விட்டேன், அவ்வளவுதான். அவளும் விட்டாள். அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

மறுபடி அளந்தபோது கணக்கு நன்றாக இறங்கியிருந்தது. இந்த முறை குரல் கணீரென்று வந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்லயும் இப்படித்தான் திட்டுவாளா?"

"இது மரியாதையான திட்டு மேடம். வீட்ல இன்னும் மோசம்."

அந்த மூக்கு நுனி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பதில் எல்லாம் சரி. பாஸ். ஆனா மத்த நோயாளிங்ககிட்ட கொஞ்சம் மெதுவாப் பேசணும்" என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். முட்டி கதறியது. அம்மாவுக்குப் போன் போட்டாள். ஜவுளிக்கடையில் என் மகள் போட்ட கூச்சல் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. தெரியாத பிள்ளைகளெல்லாம் வந்து எனக்குக் கைகொடுத்தார்கள், ஏதோ நான்தான் பாஸான மாதிரி.

மூச்சு டீச்சரும் வந்தாள். "பார்த்தீங்களா ஐயா? வேலை செஞ்சிருச்சு!"

"எது வேலை செஞ்சுது? நான் கால் மேல கால் போட்டதாலதான் அவளுக்கு வாய் வந்துச்சு."

"சரி, ஒத்துக்கறேன். ஆனா உங்க பிரஷர் எப்படி இறங்குச்சு?"

"காலைக் கீழ வச்சேன், இறங்குச்சு."

"மெதுவா விட்ட மூச்சு?"

"அது நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு."

அவள் சிரித்தாள். பேத்தியும் சேர்ந்துகொண்டு சிரித்தாள், துரோகி. பின்னால், இன்னும் உள்ளே போகாத பிள்ளைகள் மறுபடி உஸ்ஸ் என்று ஆரம்பித்தார்கள். டயரெல்லாம் காற்று இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கி நடந்தேன்.