அவசரம் ஒன்றுமில்லை

பொத்தானை அழுத்திய பிறகுதான் டாக்டர் ஜூடித் என்ட்விசில் அந்த வரியைப் பார்த்தாள். நோயாளிகளின் கோரிக்கைகள் மொத்தமாகத் திரையிலிருந்து மறைந்த அந்த அரை நொடியில் கண்ணில் பட்டது இரண்டே வார்த்தை: 'இடது கை'. யாருடைய இடது கை? அதற்கென்ன? அதற்குள் திரை காலியாகிவிட்டது. 'பதிவு செய்துகொண்டோம், நீங்கள் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்' என்ற பதில் அத்தனை பேருக்கும் போய்விட்டது. கையிலிருந்த சாண்ட்விச்சை மேசையில் வைத்தாள்.

இங்கிலாந்தில், லங்காஷையரின் அந்த மலையடி ஊருக்கு அவளுடைய கிளினிக் ஒன்றுதான். முன்பெல்லாம் இணையக் கோரிக்கைகள் அன்றைக்குப் பார்க்க முடிகிற அளவு சேர்ந்ததும் பக்கத்தை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் பதினொரு மணிக்குள் மூடிவிடும். அரசு சுகாதாரத் துறையின் புது ஒப்பந்தம் வந்தது. காலையிலிருந்து மாலை ஆறரை வரை மூடக்கூடாது என்றது. கூட்டாளி டாக்டர் காலின் ஆஷ்வொர்த் அதை ஒருமுறை படித்துவிட்டு, இந்த வயதில் தன்னால் ஆகாது என்று விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு விளம்பரம் கொடுத்து மாதக்கணக்காகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூச்சு முட்டிய ஜூடித் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். 'அலுவலக வேலை' என்று நோயாளிகளே குறியிட்டு அனுப்பும் விலாச மாற்றம், சான்றிதழ், முன்பதிவு ரத்து எல்லாவற்றையும் மதியம் ஒரே அழுத்தில் முடித்துவிடுவது. வரவேற்பில் இருக்கும் டோரீன் பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் செய்துகொள்வாள். அந்தக் குவியலில் யார் நோயைக் கொண்டுபோய்ப் போடுவார்கள்?

மூடியதை மறுபடி திறந்தாள். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். பாஸ்போர்ட் கையெழுத்து, பள்ளிக்கு ஒரு கடிதம், புது விலாசம், அதற்கும் கீழே வில்ஃப் கிரிம்ஷா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மேட்டுத் தெருவில் தனியாக இருப்பவர். 'வியாழக்கிழமை முழங்கால் பரிசோதனையை ரத்து செய்யவும். காலையிலிருந்து இடது கை கனக்கிறது, கார் ஓட்ட முடியாது போலிருக்கிறது. தாடையும் வலிக்கிறது, பல்லாகத்தான் இருக்கும். அவசரம் ஒன்றுமில்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும்.'

காலையில் அனுப்பியிருக்கிறார். இப்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

அவர் வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மாரடைப்பாக இருக்கலாம் என்று ஆம்புலன்ஸை அழைத்தாள். எதிர்முனைப் பெண் அலுங்காத குரலில் கேட்டாள்.

"ஆள் மூச்சு விடறாரா?"

"தெரியல."

"நீங்க அவர் பக்கத்துல இருக்கீங்களா?"

"இல்ல. நான் அவரோட டாக்டர்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவளை டோரீன் மறித்தாள். திரையில் புதிய கோரிக்கைகள் வந்து விழுந்துகொண்டேயிருந்தன. "ஒவ்வொண்ணையும் முழுசா படி, டோரீன். நெஞ்சு, மூச்சு, கை, எத பாத்தாலும் எனக்கு ஃபோன் பண்ணு."

"நான் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கறவ, டாக்டர். எனக்கே நெஞ்சு படபடன்னு அடிக்குது, அத எங்க எழுதி அனுப்பறது?"

ஜூடித் காருக்கு ஓடினாள். டிசம்பர் மழையில் மேட்டில் கார் ஏறும்போது டாக்டர்களை விசாரிக்கும் குழுவின் நீள மேசை கண்முன் வந்தது. அந்தப் பதிலை அனுப்பியது யார் என்று கேட்பார்கள். அவர் பிழைத்திருக்க வேண்டும், பிழைத்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்தாள். அது அவருக்காகவா தனக்காகவா என்று தெரியாதது மழையைவிடக் குளிர்ந்தது.

கதவைத் தட்டினாள். "தெறந்துதான் இருக்கு, தள்ளுங்க" என்று மெல்லிய குரல் வந்தது.

மாடிப்படியின் கடைசிப் படியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார் வில்ஃப். முகம் மெழுகு நிறத்தில் வேர்த்துக் கிடந்தது. ஒரு காலில் ஷூ. மற்றது இடது கையில். அதை மாட்டத் தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பினாராம், கை ஒத்துழைக்கவில்லையாம். உள்ளே தொலைபேசி அடித்தபோது எழ முடியவில்லையாம்.

"உங்களுக்கு வீண் அலைச்சல், டாக்டரம்மா. எதுவும் செய்ய வேண்டாம்னு இப்பத்தான் செல்லுல பதில் வந்துதே. சரி, டாக்டரே பாத்துட்டாங்கன்னு இருந்துட்டேன்."

ஜூடித் ஆஸ்பிரினை அவர் வாயில் வைத்தாள். "மெல்லுங்க. பேசாதீங்க."

அவர் மென்றார். பேசவும் செய்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு நாள் லேட் இல்ல. உங்க ஆம்புலன்ஸ்காரன் எப்ப வருவானாம்?"

"வந்துட்டே இருக்கான்." அவர் மணிக்கட்டில் நாடி இரண்டு துடித்து, ஒன்றை விட்டது. "வில்ஃப், அந்தப் பதில..." என்று ஆரம்பித்தாள்.

வெளியே சைரன் கேட்டது. வாசல் கதவின் மங்கிய கண்ணாடியில் நீல வெளிச்சம் படர்ந்தது, சுவரெல்லாம் சுற்றியது. அவர் முகத்திலும் ஒரு முறை ஏறி இறங்கியது. வண்டி நிற்கவில்லை. வெளிச்சம் கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்து, மெலிந்து, அடுத்த தெருப் பக்கமாகத் தேய்ந்தது. அவர் மணிக்கட்டை விடாமல், கதவைத் திறந்து கூப்பிட ஒரு காலை மட்டும் நீட்டினாள், எட்டவில்லை. அவருடைய இடது கையிலிருந்த ஷூ மெல்லச் சரிந்து, அவர் விரல்களில் லேஸ் மட்டும் மாட்டிக்கொள்ள, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கி ஆடியது.